கேளுங்க சொல்றேன்: கோணல் பப்பும் வாசல்ல தொங்குற பேரும்

போன இதழ்ல ஒருத்தர், இங்கிலாந்துல ஒரு கோணல் பப் எரிஞ்சு போனதுக்கு ஏன் அவ்ளோ பெரிய கலாட்டான்னு கேட்டிருந்தார், நானும் நாலு வரில பதில் சொல்லிட்டு அடுத்த கேள்விக்கு போயிட்டேன். அது போதலன்னு தெரியுது. இந்த மாசம் வந்த கடிதம், மெயில்ல பாதி பப் பத்திதான். அதனால இந்த தடவை முழு பகுதியும் அதுக்கே. கிரிக்கெட் கேள்வி அனுப்பினவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கணும்.

கேள்வி (வாசகி, திருச்சி): சாராயம் விக்கிற கடை ஒண்ணு எரிஞ்சா நம்ம ஊர்ல பெண்கள் பட்டாசு வெடிப்பாங்க. அங்க மட்டும் ஏன் அழுவுறாங்க?

முதல்ல அந்த கோணல் பப் கதைய முழுசா சொல்லிடறேன். ஸ்டாஃபோர்ட்ஷயர்ல ஹிம்லின்னு ஒரு ஊர், அதுக்கு பக்கத்துல 1765ல கட்டின ஒரு பண்ணை வீடு, 1830 வாக்குல பப் ஆச்சு. அந்த ஏரியா பூரா கீழ நிலக்கரி சுரங்கம், தோண்டித் தோண்டி ஒரு பக்கம் தரை இறங்கிடுச்சு, கட்டிடம் ஒரு பக்கமா சாஞ்சு போச்சு. ஒரு பக்கம் இன்னொரு பக்கத்த விட 4 அடி பள்ளம். உள்ள போனா டேபிள் மேல கோலிகுண்டு மேட்டுப் பக்கம் உருளுற மாதிரி கண்ணுக்கு தெரியும், அத பாக்கவே எங்கெங்கேந்தோ வருவாங்க. 2023 ஜூலைல அத வச்சிருந்த பப் கம்பெனி வித்துடுச்சு, ஆகஸ்ட் 5 ராத்திரி தீ பிடிச்சுது, 7ம் தேதியே இடிச்சு தள்ளிட்டாங்க, கவுன்சில் கிட்ட பர்மிஷன் கிடையாது. போலீஸ் இது யாரோ வச்ச தீன்னு விசாரிக்க ஆரம்பிச்சாங்க. 2024 பிப்ரவரில கவுன்சில் நோட்டீஸ் விட்டுச்சு, இடிச்சத மூணு வருஷத்துக்குள்ள திரும்ப கட்டுன்னு. சாஞ்ச கட்டிடத்த அப்படியே சாஞ்ச மாதிரி கட்டணுமாம், எஞ்சினியர் பாவம்.

இப்ப உங்க கேள்வி. அங்க கிராமத்து பப்ங்கறது குடிக்கிற இடம்ங்கறது பாதிதான். ஒரு காலத்துல செத்தவன் எப்படி செத்தான்னு விசாரிக்கிற மரண விசாரணை கூட பப்லதான் நடக்கும், ஏன்னா ஊர்ல அவ்ளோ பெரிய ரூம் வேற கிடையாது. 1902ல ஒரு சட்டம் வந்துதான் வேற இடம் இருந்தா பப் வேண்டாம்னு சொல்லுச்சு. கூலி கொடுக்கறதும் பப்லதான், வாங்கின கையோட அங்கயே செலவாயிடும், பொண்டாட்டி புள்ளைங்களுக்கு வீட்டுக்கு வந்து சேர்றது மிச்சம்தான், அதனால 1883ல பப்ல கூலி கொடுக்கக்கூடாதுன்னு தடை போட்டாங்க. (பட்டாசு வெடிக்கற காரணம் அங்கயும் இருந்துச்சுங்க.) சீட்டு மாதிரி மாசாமாசம் காசு போட்டு நோய் நொடிக்கு எடுத்துக்கற சங்கங்கள், ஏலம், விவசாயிங்க வாடகை கட்டற நாள், ராணுவத்துக்கு ஆள் பிடிக்கறது, எல்லாம் அதே ரூம்ல.

இன்னிக்கும் அந்த குணம் போகல. யார்க்ஷயர்ல டான் ஹில் இன்னுன்னு ஒண்ணு, 1,732 அடி உயரத்துல மொட்டை மலை மேல, பிரிட்டன்லயே உசரமான பப். 2021 நவம்பர்ல ஆர்வென் புயல் வந்து பனி மூடி 61 பேர் மூணு ராத்திரி உள்ளயே மாட்டிக்கிட்டாங்க. அன்னிக்கு ஒயேசிஸ்ங்கற ராக் குரூப்போட பாட்ட பாடறதுக்கு வந்த நோயேசிஸ்னு ஒரு குரூப்பும் சேர்ந்து மாட்டிச்சு. தரைல மெத்தை போட்டு தூங்கி, குவிஸ் நடத்தி, சாப்பாடு போட்டு கவனிச்சு அனுப்பினாங்க. ஒயின் ஷாப்ல மாட்டிக்கிட்டா இதெல்லாம் நடக்குமான்னு நீங்களே சொல்லுங்க.

கேள்வி (வாசகர், கும்பகோணம்): ஆயிரம் வருஷ பழைய பப்னு போர்டு வச்ச போட்டோ பாத்தேன். நிஜமா?

போர்டுல எழுதறதுக்கு யாரு தடை சொல்ல முடியும். செயின்ட் ஆல்பன்ஸ் ஊர்ல ஃபைட்டிங் காக்ஸ்னு ஒரு பப், எட்டாம் நூற்றாண்டுலேந்து இருக்கோம்னு சொல்லிக்கும். கட்டிடத்த பாத்தா எட்டுப் பட்டைல இருக்கும், அது ஒரு மடத்தோட புறாக்கூண்டு, மடம் 1539ல மூடினதுக்கு அப்பறம்தான் இப்ப இருக்கற இடத்துக்கே வந்துச்சு. பப்னு எழுத்துல தெரியறது 1756 வாக்குலதான். கின்னஸ் புத்தகத்துல 'பழைய பப்'னு ஒரு ரெக்கார்டு இருந்துச்சு, எவனும் நிரூபிக்க முடியாத சண்டையா இருக்கேன்னு 2000ல அந்த பிரிவையே எடுத்துட்டாங்க. இன்னமும் நாட்டிங்ஹாம்ல ஒருத்தர் 1189னு சுவத்துல பெயின்ட் அடிச்சு வச்சிருக்கார்.

உண்மையான ஆரம்பம் இத விட சுவாரசியம், ஏன்னா அது பெண்கள் கதை. அந்த காலத்துல ஏல்னு சொல்ற பீர் வீட்டு அடுப்பங்கரை வேலை, ஹாப்ஸ்ங்கற கசப்புப் பூ போடாததால நாலஞ்சு நாள்ல கெட்டுடும், ஒரு வீட்ல காய்ச்சினா வீட்டுக்கு போக மிச்சத்த அக்கம்பக்கத்துக்கு விப்பாங்க. இன்னிக்கு எங்க வீட்ல ரெடின்னு சொல்றதுக்கு வாசல்ல ஒரு கம்புல இலைக் கொத்த கட்டி நீட்டி வைப்பாங்க, ஊர் அதிகாரி ஒருத்தர் வந்து ருசி பாத்து அளவு சரியா விலை சரியான்னு செக் பண்ணிட்டு போவார் (வேலைன்னா அது வேலை). ரொட்டிக்கும் பீருக்கும் விலை கட்டுப்பாடு சட்டம் 13ம் நூற்றாண்டுலயே இருந்துச்சு. அப்பறம் 15ம் நூற்றாண்டு வாக்குல கடல் தாண்டி ஹாப்ஸ் வந்துச்சு, அது போட்டா பீர் கெடாது, கெடலன்னா நெறைய காய்ச்சி தூரம் அனுப்பலாம், நெறைய காய்ச்சணும்னா பெரிய அண்டா, முதலீடு எல்லாம் வேணும், முதலீடு வந்ததும் ஆம்பளைங்க வந்துட்டாங்க. இந்த கதை எல்லா தொழில்லயும் பாத்ததுதானே.

1552ல ஆறாம் எட்வர்டு ராஜா காலத்துல சட்டம் போட்டாங்க, ரெண்டு மாஜிஸ்ட்ரேட் சரின்னு சொல்லாம யாரும் ஏல் விக்கக்கூடாதுன்னு. ஒரு கிராமத்து பப்போட வரலாறு எழுத்துல ஆரம்பிக்கறது பெரும்பாலும் அங்கேந்துதான், அதுக்கு முன்னாடி எல்லாம் வாய்க்கதை.

கேள்வி (வாசகர், நாகர்கோவில்): பப் நடத்தறவர லேண்ட்லார்டுன்னு சொல்றாங்களே, அவ்வளவு பேரும் பணக்காரங்களா?

ஐயோ பாவம், இல்லீங்க. அவங்கள்ல பெரும்பாலானவங்க அடுத்தவன் கட்டிடத்துல வாடகைக்கு இருக்கறவங்க. கட்டிடம் ப்ரூவரிக்கு (பீர் காய்ச்சற கம்பெனிக்கு) சொந்தம், இல்ல ஜமீன்தாருக்கு சொந்தம், இவர் குடும்பத்தோட மாடில குடி இருப்பார், கீழ வியாபாரம். ப்ரூவரி வீடுன்னா வாடகை குறைச்சலா இருக்கும், ஆனா அவங்க பீரத்தான் அவங்க சொல்ற விலைக்குத்தான் வாங்கணும். பக்கத்து ஊர் ப்ரூவரி பாதி விலைக்கு தரேன்னாலும் வாங்க முடியாது. இந்த ஏற்பாடு 200 வருஷத்துக்கு மேலயா நடக்குது, இன்னிக்கும் கோர்ட்டு கேஸ்னு இழுத்துக்கிட்டுதான் இருக்கு.

அப்பறம் எப்படி பொழைச்சாங்கன்னா, ரெண்டாவது தொழில். என்ன கேட்டா கிராமத்து பப் வரலாறுல முக்கியமான விஷயமே இதுதான், பீர் பத்தி பக்கம் பக்கமா எழுதறவங்க இத ஒரு வரில தாண்டிடறாங்க. 19ம் நூற்றாண்டு சென்சஸ் பேப்பர எடுத்து பாருங்க, பப் நடத்துறவர் பேருக்கு நேரா 'பப் மற்றும் 30 ஏக்கர் விவசாயம்', 'பப் மற்றும் கொல்லர்', 'பப் மற்றும் கசாப்பு', 'பப் மற்றும் தச்சர்'னுதான் இருக்கும். பகல்ல அவர் குதிரைக்கு லாடம் அடிச்சிட்டிருப்பார், பொண்டாட்டி பார்ல நிப்பாங்க. 200 பேர் இருக்கற ஊர்ல பீர் மட்டும் வித்து ஒரு குடும்பம் எந்த காலத்துலயும் சாப்பிட்டதில்ல. அவர் செத்தா லைசென்ஸ் விதவை பேருக்கு மாறும், அந்தம்மா இருபது முப்பது வருஷம் நடத்துவாங்க, அப்பறம் மருமகன். ஊர் கல்வெட்டுல பாதிரியார் பேர் லிஸ்ட் இருக்கும், பப் விதவைங்க பேர் எங்கயும் இருக்காது, ஆனா ஊர் நடந்தது அவங்க கைலதான்.

ஒரு இடத்துல மட்டும் பேர் இருக்கும். வாசக்கதவு நிலைக்கு மேல சின்ன போர்டுல, இன்னார் பீர், ஒயின், ஸ்பிரிட், புகையிலை விக்க லைசென்ஸ் வாங்கினவர்னு பெயின்ட்ல எழுதி வைக்கறது சட்டம். லைசென்ஸ் கட்டிடத்துக்கு இல்ல, அந்த மனுஷனுக்கு. குடிச்சிட்டு சண்டை நடந்தாலோ, பால்ல தண்ணி மாதிரி பீர்ல தண்ணி கலந்தாலோ மாஜிஸ்ட்ரேட் முன்னாடி போய் நிக்கறது அந்த பேர்க்காரர்தான். 2005 நவம்பர்ல புது லைசென்ஸ் சட்டம் அமலுக்கு வந்ததும் அந்த போர்டு கட்டாயம் இல்லன்னு ஆயிடுச்சு, இருந்தாலும் நெறைய பேர் ஆசைக்கு வச்சிருக்காங்க.

அவர் வேலை என்னன்னு கிட்ட போய் பாத்தாதான் தெரியும். பீப்பாய்ல வர்ற பீர் உயிரோட இருக்கற சரக்கு, உள்ள ஈஸ்ட் வேலை செஞ்சுகிட்டே இருக்கும். நிலவறைல 11லேந்து 13 டிகிரிக்குள்ள வச்சிருக்கணும், ஜில்லுன்னு ஐஸ் ஆகவும் கூடாது. பீப்பாய படுக்க வச்சு ஆடாம ரெண்டு பக்கமும் கட்டை கொடுத்து, மேல இருக்கற அடைப்புல மெத்துன்னு ஒரு மர ஆணிய சுத்தியால தட்டி இறக்கினா புஸ்ஸுன்னு நுரை பொங்கி வரும், அந்த பொங்கல் அடங்கற வரைக்கும் துடைச்சு துடைச்சு விடணும், அடங்கினதும் அத பிடுங்கிட்டு கெட்டி ஆணி. கீழ குழாய ஒரே அடில இறக்கணும், தப்பினா சட்டை பூரா பீர். ஈஸ்ட் அடில படியற வரைக்கும் பொறுத்திருந்து, ஒரு கிளாஸ் பிடிச்சு விளக்கு வெளிச்சத்துல தூக்கி பாப்பார், கலங்கலா இருந்தா இன்னிக்கு இது கிடையாது. ஒருதடவை திறந்துட்டா காத்து உள்ள போகுது, மூணு நாள்ல வித்தாகணும். சின்ன பீப்பாய்ல 72 பைன்ட் இருக்கும் (ஒரு பைன்ட்னா அரை லிட்டருக்கு கொஞ்சம் மேல). ஊர்ல கூட்டம் இல்லாத வாரம்னா மிச்சம் சாக்கடைக்கு. இந்த கணக்கு தெரியாம லண்டன் வேலைய விட்டுட்டு 'கிராமத்துல ஒரு பப் வாங்கி செட்டில் ஆவோம்'னு வர்ற ஜோடிங்க ரெண்டு வருஷத்துல திரும்ப போயிடறது அங்க வழக்கமான கதை.

கேள்வி (வாசகர், சேலம்): டாஸ்மாக் மாதிரி கவர்மென்ட்டே நடத்தின பப் அங்க உண்டா?

உண்டு, அதுவும் 57 வருஷம்! முதல் உலகப்போர் சமயம் ஸ்காட்லாந்து எல்லைல கிரெட்னாங்கற இடத்துல பிரம்மாண்டமான வெடிமருந்து ஃபேக்டரி கட்டினாங்க. கட்டற வேலைக்கே ஆயிரக்கணக்குல ஆளுங்க, கை நிறைய கூலி, சாயங்காலம் ஆனா ரயில் ஏறி பக்கத்து ஊர் கார்லைல்ல இறங்குவாங்க. ரயில் வர்றதுக்கு முன்னாடியே ஸ்டேஷன் பக்கத்து பார்ல நூத்துக்கணக்குல விஸ்கி ஊத்தி வரிசையா வச்சிருப்பாங்கன்னு சொல்லுவாங்க. மறுநாள் இதே கை வெடிமருந்து கலக்கப்போகுது, யோசிச்சு பாருங்க.

1916ல அரசாங்கம் கார்லைல், கிரெட்னா ஏரியால இருந்த ப்ரூவரி, பப் எல்லாத்தையும் வாங்கிடுச்சு. கார்லைல்ல பாதி பப்ப மூடினாங்க. மிச்சத்துல இருந்தவங்கள சம்பள மேனேஜரா ஆக்கினாங்க, பீர் நெறைய வித்தா ஒரு பைசா கூட கிடைக்காது, சாப்பாடு வித்தா மட்டும் கமிஷன். இதுதான் டாஸ்மாக்லேந்து வித்தியாசம், அங்க நோக்கம் கஜானா நிரப்பறது இல்ல, குடிய குறைக்கறது. ஹாரி ரெட்ஃபெர்ன்னு ஒரு ஆர்க்கிடெக்ட் வச்சு வெளிச்சமா, உக்காந்து சாப்பிடற மாதிரி புது புது பப் கட்டினாங்க, அதுல சிலது இன்னிக்கும் நிக்குது. போர் முடிஞ்சும் யாரும் கலைக்கல, 1971ல சட்டம் போட்டு 1973க்குள்ள வித்து முடிச்சாங்க. பீரும் நல்லா இருந்துச்சு விலையும் மலிவுன்னு கார்லைல் பெரியவங்க இப்பவும் பேசறதுண்டு.

அதே போர் சமயத்துல நாடு பூரா இன்னொண்ணு வந்துச்சு, மதியம் ரெண்டரைக்கு பப்ப மூடி சாயங்காலம்தான் திறக்கணும்னு. தற்காலிகம்னு சொல்லி போட்டது 1988 வரைக்கும் இருந்துச்சு. கொஞ்ச நாள் ஒருத்தருக்கு இன்னொருத்தர் வாங்கி கொடுக்கறதே குத்தம்னு கூட ஆர்டர் இருந்துச்சு, தனக்கு தான்தான் வாங்கிக்கணும்.

கேள்வி (கல்லூரி மாணவர், மதுரை): ரெட் லயன், ராயல் ஓக்னு ஏன் எல்லா பப்புக்கும் ஒரே பேரு?

படிக்க தெரியாத ஜனத்துக்கு படம் போட்ட போர்டு. 1393ல ரெண்டாம் ரிச்சர்டு காலத்துல ஏல் விக்கிறவன் அடையாள போர்டு வைக்கணும்னு லண்டன்ல கட்டாயமாச்சு, அவரோட சின்னம் வெள்ளை மான், அதான் ஒயிட் ஹார்ட்னு பப் பேரு (இந்த ஹார்ட் இதயம் இல்ல, மான்). 1651ல போர்ல தோத்து ஓடின ரெண்டாம் சார்லஸ் ஒரு ஓக் மரத்து மேல ஒளிஞ்சு தப்பிச்சார், திரும்ப ராஜாவானதும் தெருவுக்கு தெரு ராயல் ஓக். மார்க்விஸ் ஆஃப் கிரான்பின்னு ஒரு தளபதி, 18ம் நூற்றாண்டுல, தன் கீழ சண்டை போட்ட சிப்பாய்ங்க ரிட்டயர் ஆகும்போது பப் வச்சு கொடுத்தார்னு சொல்றாங்க, அவங்க நன்றியா அவர் பேர வச்சாங்க, அவர் 1770ல கடன்லயே செத்தார்.

கேள்வி (வாசகி, கோவை): பேர் வாங்கின லேண்ட்லார்டு, லேண்ட்லேடி யாராவது சொல்லுங்க.

இதுக்குத்தான் காத்திட்டிருந்தேன். முதல்ல வில் ரிட்சன். கம்பிரியால வாஸ்டேல் ஹெட்னு மலைக்கு நடுவுல கடைசி ஊர், அங்க விவசாயி, வேட்டைக்காரர், பப் நடத்தினவர், 1808லேந்து 1890 வரைக்கும் இருந்தார். மலை ஏற வர்ற டவுன்காரங்கள உக்கார வச்சு முகத்துல ஒரு சுருக்கம் கூட விழாம புளுகுவார். எங்க பள்ளத்தாக்குல டர்னிப் எவ்ளோ பெருசுன்னா, ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு ஊர்க்காரங்க கடப்பாரையோட போய் குடைஞ்சு எடுத்துட்டு வருவாங்க, குடைஞ்ச பொந்துல அப்பறம் ஆடு கட்டலாம்னார். அவர் நினைவா வருஷா வருஷம் நவம்பர்ல சான்டன் பிரிட்ஜ்ங்கற ஊர் பப்ல உலகத்துலயே பெரிய பொய்யர் யாருன்னு போட்டி நடக்குது. அரசியல்வாதி, வக்கீல் ரெண்டு பேரும் கலந்துக்கக்கூடாது, தொழில்முறை ஆளுங்கங்கறதால. ஒரு பிஷப் மேடையேறி 'நான் வாழ்க்கைல பொய்யே சொன்னதில்ல'ன்னு ஒத்த வரில ஜெயிச்சார்னு ஒரு கதை, அதுவும் பொய்யா இருக்கலாம்.

அதே கம்பிரியா கடலோரத்துல பீல்னு ஒரு குட்டி தீவு, ஒரு இடிஞ்ச கோட்டை, ஒரு பப், அவ்ளோதான். அந்த பப்ப நடத்த யார் வந்தாலும் அவர்தான் பீல் தீவு ராஜா. பழைய நாற்காலில உக்கார வச்சு தலைல இரும்புத் தொப்பி, கைல கத்தி, தலை வழியா பீர் அபிஷேகம். இடம் கவுன்சிலுக்கு சொந்தம், ராஜா வாடகை கட்டறார்.

பட்டர்மியர்ங்கற ஏரிக்கரை ஊர்ல ஃபிஷ் இன்னுன்னு ஒரு பப், அத நடத்தினவரோட பொண்ணு மேரி ராபின்சன். 1792ல ஒரு டூரிஸ்ட் அந்த பொண்ணோட அழக பத்தி புத்தகத்துல எழுதிட்டு போக, அதுக்கப்பறம் அவள பாக்கறதுக்குன்னே கூட்டம் வர ஆரம்பிச்சுது, பதினஞ்சு வயசு பொண்ணுங்க. 1802ல கர்னல் ஹோப், எம்பி, பிரபுவோட தம்பின்னு சொல்லிக்கிட்டு ஒருத்தன் வந்தான், அக்டோபர்ல கல்யாணம். நிஜ பேர் ஜான் ஹாட்ஃபீல்ட், ஏற்கனவே பொண்டாட்டி புள்ளைங்க உண்டு, பழைய மோசடி ஆள். லண்டன் பேப்பர்ல நியூஸ் வந்ததும் குட்டு உடைஞ்சுது. எம்பிக்கு தபால் ஃப்ரீ, அந்த சலுகைல பொய் கையெழுத்து போட்டு கடிதம் அனுப்பினான் பாருங்க, அந்த ஃபோர்ஜரிக்குத்தான் 1803 செப்டம்பர்ல கார்லைல்ல தூக்கு. ஒரு பொண்ண ஏமாத்தினதுக்கு இல்ல, ஸ்டாம்பு காசுக்கு! மேரி அதோட முடிஞ்சு போகல, அப்பறம் கால்ட்பெக்ங்கற ஊர் விவசாயிய கல்யாணம் பண்ணிக்கிட்டு புள்ளகுட்டியோட வாழ்ந்து 1837ல காலமானாங்க.

எனக்கு ரொம்ப பிடிச்சது ஃப்ளாஸி லேன். ஹியர்ஃபோர்ட்ஷயர்ல லைன்ட்வர்டைன்ங்கற ஊர்ல சன் இன், அங்கயே பொறந்து 74 வருஷம் அத நடத்தி 2009ல 94 வயசுல போனாங்க. அங்க பார் கவுன்டரே கிடையாது. வீட்டு முன் ரூம், செங்கல் ஓடு பாவின தரை, மர பெஞ்சு, அவ்ளோதான். பீப்பாய் அவங்க சமையலறை தரைல இருக்கும், அங்க போய் பிடிச்சிட்டு வரணும். பீர் விக்க மட்டும்தான் லைசென்ஸ், விஸ்கி கேட்டா கிடையாது. இந்த மாதிரி வீட்டுக்குள்ளயே இருக்கற பப்புகளோட மூலம் 1830 சட்டம், வரி கட்டற எவனும் வருஷத்துக்கு 2 கினி (ரெண்டு பவுண்டுக்கு கொஞ்சம் மேல) கட்டினா மாஜிஸ்ட்ரேட்ட பாக்காமலே வீட்ல பீர் விக்கலாம்னு அரசாங்கம் திறந்து விட்டுச்சு, ஜின் குடிச்சு அழியறத விட பீர் தேவலன்னு ஒரு எண்ணம். ஆறு மாசத்துல 24 ஆயிரம் பக்கம் புது கடை. 1869ல திரும்ப மாஜிஸ்ட்ரேட் கைக்கு போயிடுச்சு. ஃப்ளாஸிம்மா போனதுக்கு அப்பறம் ஊர்க்காரங்க போராடி அந்த முன் ரூம அப்படியே காப்பாத்திட்டாங்க.

பெர்க்ஷயர்ல ஆல்ட்வொர்த் ஊர் பெல் இன் ஒரே குடும்பத்து கைல 250 வருஷத்துக்கு மேல இருக்கு, சின்ன கண்ணாடி ஜன்னல் வழியா பீர் நீட்டுவாங்க, 1990லயும் 2019லயும் நாட்டுலயே சிறந்த பப்னு பரிசு. கட்டிடம் சொந்தம், அத மறக்காதீங்க, அடுத்த கேள்விக்கு அதுதான் பதில்ல பாதி.

கேள்வி (வாசகர், சென்னை, அம்பத்தூர்): அப்பறம் ஏன் இவ்ளோ பப் மூடறாங்க?

2000ல பிரிட்டன்ல 60 ஆயிரத்துக்கு மேல இருந்துச்சு, இப்ப 45 ஆயிரம் பக்கம். ஆளுக்கொரு காரணம் சொல்லுவாங்க, சூப்பர்மார்க்கெட்ல பீர் மலிவு, 2007 ஜூலைல இங்கிலாந்துல பப்புக்குள்ள வந்த சிகரெட் தடை, குடிச்சிட்டு வண்டி ஓட்ட முடியாதது, பீர் வரி, கரன்ட் பில். எல்லாம் நிஜம்தான். ஆனா என் கணக்குல பெரிய வில்லன் நல்லெண்ணத்துல போட்ட ஒரு சட்டம். பெரிய ப்ரூவரிங்க எல்லா பப்பையும் பிடிச்சு வச்சிருக்காங்களேன்னு 1989ல 2,000 பப்புக்கு மேல வச்சிருக்கற ப்ரூவரி மிச்சத்துல பாதிய விடுவிக்கணும்னாங்க. விடுவிச்சது லேண்ட்லார்டு கைக்கு போகல, பப் மட்டுமே வச்சு நடத்தற ஃபைனான்ஸ் கம்பெனிங்க கைக்கு போச்சு. பஞ்ச், என்டர்பிரைஸ்னு ரெண்டு, கடன் வாங்கி வாங்கி ஒவ்வொண்ணும் எட்டாயிரத்துக்கு மேல சேர்த்துச்சு. அந்த கடனுக்கு வட்டி எங்கேந்து வரும், வாடகைக்காரர்கிட்டேந்துதான். ப்ரூவரி முதலாளிக்காவது அவன் பீர் ஊர்ல ஓடணும்ங்கற அக்கறை இருந்துச்சு, இவங்களுக்கு அந்த கட்டிடம் வீடா வித்தா எவ்ளோன்னுதான் கண்ணு. 2016ல வாடகைக்காரருக்கு சந்தை வாடகை மட்டும் கட்டி பீர் எங்க வேணா வாங்கிக்கற உரிமை சட்டத்துல வந்துச்சு, ரொம்ப லேட்டு.

நல்ல சேதியும் உண்டு. கால்ட்பெக் பக்கத்துல, அதான் மேரி ராபின்சன் கல்யாணம் பண்ணி போன ஊர், அங்க ஹெஸ்கெட் நியூமார்க்கெட்னு ஒரு கிராமம். ஓல்ட் கிரவுன் பப்ப 2003ல ஊர்க்காரங்களே பங்கு போட்டு வாங்கினாங்க, நாட்டுலயே முதல் கூட்டுறவு பப். பின்னாடி கொட்டகைல 1988லேந்து ஓடற குட்டி ப்ரூவரியையும் அதுக்கு முன்னாடியே கூட்டுறவா ஆக்கியிருந்தாங்க. மலையேறி கிறிஸ் பானிங்டன் அந்த பக்கத்துக்காரர், அவரும் ஒரு பங்குதாரர். யார்க்ஷயர்ல ஹட்ஸ்வெல்ங்கற சின்ன ஊர்ல ஜார்ஜ் அண்ட் டிராகன் 2008ல மூடிப்போச்சு, 2010ல ஊரே வாங்கி திறந்துச்சு, உள்ள ஒரு லைப்ரரி, ஒரு மளிகைக்கடை, பின்னாடி காய்கறி போட பாத்தி. 2016க்கான தேசிய சிறந்த பப் பட்டம் அதுக்கு. இத புதுமைன்னு பேப்பர்ல எழுதினாங்க, எனக்கு சிரிப்பு வந்துச்சு, பப்போட கூட கொல்லன் பட்டறையும் கசாப்புக்கடையும் வச்சு நடத்தின அதே கணக்குதானே இது. 2011 சட்டப்படி ஊர் ஒரு பப்ப பொதுச்சொத்துன்னு பதிவு பண்ணி வச்சா, ஓனர் விக்கும்போது காசு சேர்க்க ஆறு மாசம் டைம் கிடைக்கும். 2017லேந்து பிளானிங் பர்மிஷன் இல்லாம பப்ப இடிக்கவும் முடியாது, அதனாலதான் கோணல் பப் கேஸ்ல கவுன்சில் அவ்ளோ தைரியமா நோட்டீஸ் விட்டுச்சு.

கேள்வி (வாசகர், ஈரோடு): என் மகள் அங்க ஒரு கிராமத்துல வீடு வாங்கியிருக்கா, முன்னாடி அது பப்பாம். யார் யார் நடத்தினாங்கன்னு கண்டுபிடிக்க முடியுமா?

தாராளமா. 1841லேந்து பத்து வருஷத்துக்கு ஒரு சென்சஸ் பேரோட இருக்கு, இப்போதைக்கு 1921 வரைக்கும் இங்கிலாந்துக்கு திறந்திருக்கு. அதுல ஊர் பேர போட்டு தேட சொல்லுங்க, ஆனா பப் பேர் எல்லா வருஷமும் இருக்காது, தொழில பாத்து பிடிக்கணும். நடுவுல இருக்கற வருஷத்துக்கு கெல்லி, பிகட் மாதிரி வியாபார டைரக்டரிங்க. 1753லேந்து 1828 வரைக்கும் லைசென்ஸ்காரங்க ஜாமீன் பத்திர லிஸ்ட் அந்த கவுன்டி ஆவணக் காப்பகத்துல இருக்க வாய்ப்பு அதிகம். அப்பறம் பழைய லோக்கல் பேப்பர், லைசென்ஸ் கை மாறினா, அபராதம் விழுந்தா, பன்னி காணாம போனா கூட நியூஸ் போட்டிருப்பான். வீட்டு பத்திரத்துல ப்ரூவரி பேர் வந்தா அந்த ப்ரூவரி ரெக்கார்டையும் தேடலாம். நிலவறை இருக்கான்னு பாக்க சொல்லுங்க, பீப்பாய் உருட்டற சரிவு இருந்தா சந்தேகமே வேண்டாம்.

கேள்வி (வாசகர், புதுச்சேரி): அடுத்த மாசம் அங்க போறேன். கிராமத்து பப்ல எப்படி நடந்துக்கணும்?

டேபிள்ல உக்காந்து வெயிட்டர கூப்பிட்டுட்டே இருந்தீங்கன்னா ராத்திரி வரைக்கும் உக்காந்திருப்பீங்க, கவுன்டர்ல போய் வாங்கணும். க்யூ மாதிரி தெரியாது, ஆனா யாருக்கப்பறம் யாருன்னு அங்க நிக்கற எல்லாருக்கும் தெரியும். கூட்டமா போனா ஆளுக்கு ஒரு தடவை எல்லாருக்கும் சேர்த்து வாங்கறதுதான் முறை, உங்க டர்ன் வர்றதுக்கு முன்னாடி நைசா கிளம்பிட்டா அந்த ஊர் இருக்கற வரைக்கும் பேசுவாங்க. கின்னஸ்ங்கற கருப்பு பீர யாராவது கேட்டா அத முதல்ல சொல்லிடுங்க, ரெண்டு தடவையா ஊத்தறதால லேட் ஆகும். டிப்ஸ் வைக்க வேண்டாம், உங்களுக்கும் ஒண்ணு எடுத்துக்கோங்கன்னு லேண்ட்லார்ட்கிட்ட சொன்னா போதும், அவர் அரை பைன்ட் காசு சேர்த்துப்பார். பீர் ஜில்லுன்னு இல்லயேன்னு சண்டை போடாதீங்க, புளிச்ச வாடை வந்தா மட்டும் திருப்பி கொடுங்க, கேள்வி கேக்காம மாத்தி தருவாங்க. குடிக்காதவங்களும் தாராளமா போலாம், எலுமிச்சை ஜூஸ் சோடாவுக்கு யாரும் முறைக்க மாட்டாங்க. பப்ல போதைல இருக்கறதே 1872 சட்டப்படி இன்னமும் குத்தம், மாட்ட ஓட்டிக்கிட்டு போதைல போனா தனியா குத்தம், புதுச்சேரிக்காரர்ங்கறதால சொல்லி வைக்கறேன். சிப்ஸ் பாக்கெட்ட வாங்கினா ஒரு ஓரத்துல கிழிச்சு கைய விடாதீங்க, தையல் பிரிச்சு விரிச்சு டேபிள் நடுவுல வைங்க, எல்லாரும் எடுப்பாங்க. வயிறார சாப்பிடணும்னா மதியம் ரெண்டு மணிக்குள்ள போய் சேருங்க, அதுக்கப்பறம் நெறைய ஊர்ல கிச்சன் சாத்திடுவாங்க, சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் அந்த சிப்ஸ்தான்.